கவிழ்த்துப் போட்ட ஜீப்

கெட்டுப்போன முட்டையும் தீய்ந்த வெல்லப்பாகும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் பழைய "கியர் ஆயில்" வாசம். எங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் மீன் நாற்றத்தையும் மீறி அது வந்தால், நைனா, அதாவது என் அப்பா, ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறார் என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி அது. கரையில் இறங்கும் மீனை ஏற்றிக்கொண்டு மணலைத் தாண்டி ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போவது அதன் வேலை. எங்கள் வீட்டுச் சோறும் அதுதான். நாலு சக்கரமும் இழுத்தால்தான் மணலில் நகரும் என்பதால், இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி நடுவிலும், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர உருண்டை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் அதற்கு உண்டு. அலையில் இறங்கி இறங்கி உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து எண்ணெய் காபி நிறமாகிவிடும்; அப்படியே விட்டால் பல் தேய்ந்து வண்டி படுத்துவிடும். ஆகவே கட்டுமரங்கள் கடலுக்குப் போயிருக்கும் காலை நேரத்தில் நைனா எண்ணெய் மாற்றுவார்.

ஒருநாள் நடுப்பெட்டியையும் முன் உருண்டையையும் முடித்துவிட்டு, பின் உருண்டையின் அடி மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். புதிது ஊற்றவேண்டிய பக்கவாட்டு மூடியில் ஸ்பேனரைப் போட்டால் அது அசையவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அழுத்த அழுத்த மூடியின் முனைதான் மழுங்கிற்று. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார், சுத்தியால் தட்டியும் பார்த்தார். எண்ணெயில்லாமல் ஓட்டினால் பாதி வழியில் பல் உடையும். ஒருநாள் தவறினாலும் லாரிக்காரனை வைத்துக்கொள்வேன் என்று மார்க்கெட் வியாபாரி முன்னமே சொல்லியிருந்தார். தூரத்தில் கரை திரும்பும் கட்டுமரங்களின் பாய்கள் தெரிய ஆரம்பித்தன.

கூடையோடு காத்திருந்த மீன்கார அஞ்சலை அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, படவுக்கு எண்ண அடிக்கச் சொல்லோ கவுத்துப் போட்டுத்தானே அடிக்கிறீங்க? இத்த மட்டும் ஏன் நிக்க வெச்சிகினு கெஞ்சிகினு கீறே? வடிச்ச ஓட்டையிலயே ஊத்து."

"வண்டி இன்னா படவா?" என்றார் நைனா.

"அப்ப நீயே தள்ளிகினு போ ராயபுரத்துக்கு."

நைனா எழுந்து பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோலைத் தகரத்தில் வடித்தார். அதுதான் அவர் சம்மதம். பழைய வலைகளைக் குவித்து மெத்தை போட்டார்கள். மீன்காரப் பெண்களும், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர்களும், முதல் கட்டுமரத்தில் வந்து சேர்ந்தவர்களும் "ஐலசா" போட்டுத் தோள்கொடுக்க, ஜீப் வலைமேல் ஒருக்களித்துப் படுத்தது. பக்கவாட்டில் திரும்பிய அடி ஓட்டையில், மூக்கு நீண்ட குவளையால் எண்ணெய் தளும்பும்வரை ஊற்றி மூடியை இறுக்கினார் நைனா. நிமிர்த்திவைத்துக் கிளப்பியபோது இருமி இருமிப் புகை கக்கியதில் குப்பமே மறைந்துபோனது. ஆனால் வண்டி போயிற்று. வியாபாரி மீனைப் பார்த்தாரே தவிர, விளக்குக் கண்ணாடிக்குள் இருந்த மணலைப் பார்க்கவில்லையாம்.

பிறகு பட்டறையில் உளி வைத்து அந்த மூடியை எடுத்துப் புது மூடி போட்டார்கள். ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்க்காமல் வடிக்கும் மூடியை நைனா அப்புறம் தொட்டதேயில்லை. ஆனாலும் அவர் ஜீப்புக்கு அடியில் படுக்கும் நாளெல்லாம் அஞ்சலை அத்தை கூடையை இறக்கி வைத்து, "இன்னாண்ணே, கவுக்கணுமா?" என்று கேட்காமல் போனதும் இல்லை.

இப்போது அங்கே ஜீப் ஓட்ட மணலே இல்லை. கடல் தின்றது போக மிச்சத்தைக் கருங்கல் கொட்டிக் காக்கிறார்கள். மீன் ஐஸ் பெட்டியில் தார்ச்சாலை வழியே போகிறது. பிள்ளைகளே, வண்டியைக் கவிழ்த்த இடத்தைக் காட்டுகிறேன் என்று போன வாரம் உங்களைக் கூட்டிப்போனேன் அல்லவா? கல்மேல் நின்று கடலுக்குள் ஓரிடத்தைத்தான் என்னால் கை நீட்டிக் காட்ட முடிந்தது.