மூணாவது கோட்டிங்

என் வீட்டுக்காரர் பெயின்டர். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் படிச்சு நான் பார்த்தது பெயின்ட் டப்பா மேல ஒட்டியிருக்கிற சீட்டைத்தான். அதையும் எவ்வளவு தண்ணி கலக்கணும்ங்கிற வரியோட நிறுத்திக்குவார்.

இப்படிப்பட்ட மனுஷன் மருந்துக்கடை அம்மா வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனார். அந்தம்மா காலையில சாவியைக் கொடுத்துட்டு கடைக்குக் கிளம்பிடுவாங்க. ஒரு கோட்டிங் அடிச்சா, அது காயுற வரைக்கும் அடுத்ததைத் தொட முடியாது. மத்த வீட்டுல எல்லாம் அந்த நேரத்துல இவர் துரை மாதிரி காலை நீட்டி ஒரு தூக்கம் போடுவார். இங்கே ஹால்ல ஒரு பெரிய புத்தக அலமாரி. பெயின்ட் தெறிக்கக் கூடாதுன்னு அதுக்குத் துணி போத்தினவர், கை சும்மா இருக்காம ஒரு நாவலை உருவிப் பார்த்திருக்கார். கப்பல்ல சமையல் வேலைக்குப் போன ஒருத்தன் வருஷக்கணக்கா ஊர் திரும்பலையாம், வீட்டுல பெண்டாட்டி காத்துக்கிட்டே இருக்காளாம். அன்னைக்கே இவர் தூக்கம் போச்சு.

எட்டு நாள் வேலை பன்னிரண்டு நாளாச்சு. ரெண்டு கோட்டிங் போதும்கிற சுவருக்கெல்லாம் இவரா மூணாவது கோட்டிங் அடிச்சார். அது காயணுமே, அப்பதானே உட்கார்ந்து படிக்கலாம்! விஷயம் தெரிஞ்சதும், சுவருக்கு என்ன கல்யாணமான்னு கேட்டு நான் ஓட்டாத நாள் இல்ல.

கடைசியில வேலை முடிஞ்சது, கதை முடியல. இன்னும் அம்பது பக்கம் பாக்கி. கேட்டு வாங்கிட்டு வரவேண்டியதுதானேன்னேன். பெயின்டர் போய் புத்தகம் கேட்டா சிரிப்பாங்கன்னு சொல்லிட்டார். மூணு நாளா சரியாச் சாப்பிடல. "அவன் வந்தானா இல்லையான்னு தெரியலையே"ன்னு தட்டைப் பார்த்துச் சொல்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாவும் இருந்தது.

நாலாம் நாள் அந்தம்மா போன் பண்ணி, ஒரு புத்தகம் விஷயமா பேசணும், நேர்ல வாங்கன்னாங்க. இவர் முகம் பிரைமர் அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போச்சு. தனியா போகமாட்டேன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார்.

அந்தம்மா புத்தகத்தை விரிச்சுக் காட்டினாங்க. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல இவரோட கட்டைவிரல் அச்சு! முதல்ல ஹாலோட சந்தன நிறம், அப்புறம் படுக்கையறை நீலம், அதுக்கப்புறம் சமையலறைப் பச்சை. எந்த அறையில எதுவரைக்கும் படிச்சார்னு சின்னக் குழந்தைகூட சொல்லிடும். கையைத் துடைச்சுட்டுத்தான் தொட்டேன்னு முனகினவர், தலையைக் குனிஞ்சுக்கிட்டே, புதுசு வாங்கித் தந்துடறேன்னார்.

"அது கிடக்கட்டும். பச்சைக்கு அப்புறம் ஒரு கறையும் இல்லையே, ஏன்?"

"வேலை முடிஞ்சிருச்சும்மா."

அந்தம்மா புத்தகத்தை மூடினாங்க. அப்புறம் அதை இவர் கையில கொடுத்து, முடிச்சுட்டுக் கொண்டுவந்தா போதும், வேற எது வேணுமோ அதையும் எடுத்துட்டுப் போகலாம்னாங்க. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவணுமாம்.

வீட்டுக்கு வந்து அப்படியே கழுவிட்டு, ஜன்னலோரமா உட்கார்ந்துட்டார். நான் சமையலை முடிச்சு, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துல சமையலறை வாசல்ல வந்து நின்னார். கண்ணு சிவந்திருந்தது.

"என்ன, உங்க கப்பல்காரன் வந்துட்டானா?"ன்னு கேட்டேன்.

"வந்துட்டான். ஆனா இத்தனை நாள் நீ எப்படி இருந்தேன்னு அவளை ஒரு வார்த்தை கேக்கல."

சொல்லிட்டு, என் பக்கத்துல தரையில உட்கார்ந்தார். ஈரப் பாத்திரம் ஒண்ணை எடுத்துத் துடைச்சுக்கிட்டே மெதுவா கேட்டார்.

"நீ பகலெல்லாம் தனியா என்ன பண்ணுவே?"

தெருவுல எனக்கு வாயாடின்னு பேரு. அன்னைக்கு தேய்ச்ச பாத்திரத்தையே மூணாவது தடவை தேய்ச்சுக்கிட்டிருந்தேன்.