பச்சையாகவே பழுத்த பேரி

எங்கள் வீட்டில் எது காயாக வந்தாலும் பழுப்பதற்காக அரிசி கொட்டி வைக்கும் தோங்குக்குள் போய்விடும். மாங்காய், சீக்கு என்கிற சப்போட்டா, அவகாடோ, எதுவும் தப்பாது. என் வீட்டுக்காரர் கிள்ளான் பாசார் பழக்கடையிலிருந்து பச்சைப் பசேலென்று பேரிக்காய் வாங்கி வந்தார். அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. அரிசியில் புதைத்துவிட்டு, "பாப்பா வீட்டுக்கு வர்றப்ப பழுத்திருக்கும்" என்றேன்.

பாப்பா ஏழாம் மாதமே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கை என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. போகும்போதெல்லாம் அந்த வார்டு நர்ஸ், "அக்கா, நெஞ்சுல போட்டுக்குங்க. தானாத்தான் மூச்சு விடுறா, ஒன்னும் ஆவாது லா" என்பாள். "இன்னும் கொஞ்சம் தேறட்டும் மிஸ்ஸி" என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். தொட்டால் ஒடிந்துபோவாள் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் எவனோ கேட்டு வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வான் என்று ஒரு கிறுக்குப் பயம்.

ஒரு காலையில் தோங்கைத் திறந்தால் குப்பென்று புளிச்ச வாடை. பேரிக்காய்கள் வெளியே அதே பச்சை. வெட்டினால் நடுவெல்லாம் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! அப்படியே பையில் அள்ளிக்கொண்டு பாசாருக்குப் போனேன்.

"என்னா ஆன்டி, அழுகினத வித்திருக்கீங்க? ஆஸ்பத்திரியும் வீடுமா அலையிறவ தலையிலதான் மிளகாய் அரைக்கணுமா?"

பழக்கடைச் சீன ஆன்டி பையை எட்டிப் பார்த்தார். "எங்க வெச்ச தங்கச்சி?"

"அரிசியில."

"அய்யோ, ஏன்? சுடா மாசாக் லா! வர்றப்பவே பழுத்தாச்சு!"

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டினார். தோல் பச்சை, உள்ளே தேங்காய்ப் பூ வெள்ளை. சாறு அவர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. கடித்தேன். அடேயப்பா! மொறுக்கென்று உடைந்து வாயெல்லாம் தேன். நான் போட வந்த சண்டை அப்படியே நின்றுபோனது.

"இது பேரு ஸாவ் ஸு," என்றார் ஆன்டி. "ஸாவ்னா சீக்கிரம். ஸுன்னா மொறுமொறு. மத்த பேரிக்கெல்லாம் முன்னால வரும். பச்சையாதான் இருக்கும், உள்ள எல்லாம் ரெடி. நீ காத்திருந்தா அது கெட்டுப்போவும்."

எந்த ஊர் மரமோ தெரியாது. கூடப் பிறந்ததெல்லாம் காயாகத் தொங்கும்போது, இது மட்டும் யாருக்கும் தெரியாமல் தன் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது. முருகா, இதை யார் இதற்குச் சொல்லிக்கொடுத்தது என்று பிளந்த வாய் மூடாமல் நின்றேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. மிச்சப் பழத்தைத் தின்று, கையைக் கழுவிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"மிஸ்ஸி, குடுங்க."

நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சில் போட்டாள். ஒடியவில்லை. சூடாக இருந்தாள். அந்தத் துளியூண்டு மூச்சு என் தொண்டைக்குழியில் பட்டுப் பட்டுப் போனது.

முப்பதாம் நாள் விளக்கேற்றி, சொந்தபந்தம் கூடி, பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். நான் நாளும் பார்க்கவில்லை, ஆளும் பார்க்கவில்லை. குனிந்து சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது கண்ணைத் திறந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள்.