சிவப்புக் குப்பைத்தொட்டி

மூக்கை உயர்த்தி இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சரிதா லாப்டாப்பைத் திறப்பாள். கேஸ் வாசம் இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்துபோய் ரெகுலேட்டரை ஒருமுறை தொட்டுவிட்டு வருவாள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர் ஃபிளாட். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆரம்பத்தில் அவளைக் கேலி செய்திருக்கிறேன். காரணம் தெரிந்த நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

காரணம் அவளுடைய அக்கா ரோஸி. இரண்டு வருஷத்துக்கு முன் ரோஸி குடியிருந்த வீட்டில் கேஸ் கசிந்து பற்றிக்கொண்டது. அடுப்பு வாசலை ஒட்டி இருந்தது. ரோஸி நின்றதோ உள்பக்கம். நெருப்பைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தாள், இடது கை வெந்துபோனது. அன்றிலிருந்து எந்தச் சமையலறைக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. இப்போது தங்கையோடு தங்க வருகிறாள். அதற்குள் சமையலறையை மாற்றிவிட வேண்டும் என்று சரிதா தவியாய்த் தவித்தாள்.

வாயால் சொன்னால் வேலை செய்கிறவருக்குப் புரியாது, படம் போட்டுத் தர வேண்டும் என்று இலவச மென்பொருள் தேடினாள். எதைத் திறந்தாலும் என்னிடம் ஒரே கேள்வி. "அடுப்புகிட்ட நின்னா கதவு எத்தன அடின்னு இது காட்டுமாண்ணா?"

முதலில் கிடைத்தது டைல்ஸும் பூந்தொட்டியுமாகக் கண்ணைப் பறித்தது. போன் நம்பர் கேட்டது. கொடுத்த அரை மணியில் யாரோ ஒரு பெண் சமையலறை அலமாரி செட் விற்கக் கூப்பிட்டுவிட்டாள். சரிதா அரண்டுபோய் அன்று முழுக்க போனை அணைத்து வைத்தாள். அடுத்ததில் எங்கே பார்த்தாலும் பொத்தான்கள். "இதுக்குத் தனியா ஒரு டிகிரி படிக்கணும்ணா." மூன்றாவது வெறும் கட்டமும் கோடும், கணக்கு நோட்டு மாதிரி. ஆனால் இரண்டு இடத்தைத் தொட்டால் நடுவில் எத்தனை அடி என்று சொன்னது. "இது போதும். அழகு யாருக்கு வேணும்" என்று அதையே வைத்துக்கொண்டாள்.

அதில் சிலிண்டர் படம் மட்டும் இல்லை. அந்த மென்பொருளைச் செய்தவன் ஊரில் சிலிண்டரே கிடையாது போல. தேடித் தேடிப் பார்த்து, உருண்டையாக இருந்த ஒரு குப்பைத்தொட்டியை இழுத்து, சிவப்பு நிறம் கொடுத்து, பால்கனியில் நிறுத்தினாள். பால்கனியை ஒட்டிய கடைசிச் சுவரில் அடுப்பு. அங்கிருந்து வாசல் எட்டடி, குறுக்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. இதற்குப் பதினோரு நாளும் பதினேழு படமும் ஆயின.

திருமுடிவாக்கத்தில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜ் அந்தப் படத்தை வாங்கிப்போய் ஒரு வாரத்தில் வேலையை முடித்தார். அன்று சாயங்காலம் சரிதா என்னையும் பார்க்கக் கூப்பிட்டாள். உள்ளே போனவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். சிலிண்டர் அடுப்புக்கு நேர் கீழே, புது அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தது. பால்கனியில் பளபளவென்று ஒரு சிவப்புக் குப்பைத்தொட்டி.

"இன்னாமா, கலரு கரீட்டா கீதா? படத்துல செவப்பு போட்டிருந்தீங்க. நாலு கடை ஏறி எறங்கி வாங்கியாந்தேன்" என்றார் குப்புராஜ் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. சரிதாவின் முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை.

"அண்ணா, அது குப்பைத்தொட்டி இல்ல. சிலிண்டர்" என்றாள் அவரிடம். "நாளைக்கு எங்கக்கா வர்றாங்க."

"அல்லாரும் அடுப்பாண்டதானம்மா சிலிண்டரு வெப்பாங்க..." என்று இழுத்தவர், ரோஸியின் கதையை நான் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "பேஜாராப் போச்சே. நீ பயப்படாதமா, இப்பவே மாத்திக் குடுக்கறேன்."

சுவரைத் துளைத்து, குழாயை வெளியே இழுத்து, சிலிண்டரைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வரவில்லை. சரிதா இன்னொரு தடவை தடவச் சொன்னாள். அவரும் முணுமுணுக்காமல் தடவினார்.

மறுநாள் ரோஸி வந்தாள். இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வெளியே நின்றாள். சரிதா லாப்டாப்பைத் திறந்து காட்டினாள். "பாருக்கா, எட்டடி. நடுவுல ஒண்ணுமே இல்ல." ரோஸி தலையாட்டினாள், ஆனால் அசையவில்லை.

"சரி, நீ அங்கயே நில்லுக்கா. நான் டீ போடறேன்."

அடுப்பருகே போய் மூக்கை உயர்த்தி முகர்ந்தாள். லைட்டரை எடுத்தாள். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவை அழுத்துவதற்குள் ரோஸி அந்த எட்டடியையும் கடந்து வந்து, ஒளித்து வைத்திருந்த இடது கையால் தங்கையின் நைட்டியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.