இரண்டு வாசலுக்கு ஒரு கோலம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் காஜா பெராங்கில் என்னைப்போலச் சிக்குக்கோலம் போட இன்னொருத்தி இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மெர்டேக்கா, அதான் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். ஊர்வலம் எங்கள் வீதி வழியாகப் போகும் என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். குழாயடியில் அத்தனை பெண்களுக்கு முன்னால், "பத்தொன்பது புள்ளிக் கோலம் போடப்போறேன், வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அளந்தேன். என் வாசலில் பதினொன்றுதான் கொள்ளும்.

பக்கத்து வீட்டு அக்காவின் வாசல் எங்கள் வாசலை ஒட்டியே இருந்தது. இரண்டு சிமெண்டுத் தரை, நடுவில் விரல் நுழையும் வெடிப்பு. போய்க் கேட்டேன்.

"போட்டுக்க. ஆனா என் வாசல்ல நான்தான் புள்ளி வைப்பேன். அடுத்தவ கை பட்டா எங்க வீட்டு லட்சுமி உங்க வீட்டுக்கு வந்துடுவா."

விடிந்ததும் அவரவர் சுவரோரத்திலிருந்து புள்ளி வைத்துக்கொண்டு வெடிப்பை நோக்கி வந்தோம். வந்து பார்த்தால், என் கடைசிப் புள்ளிக்கும் அவர் கடைசிப் புள்ளிக்கும் நடுவே எறும்பு போக இடமில்லை. அதோடு விட்டேனா? இழுத்துத்தான் பார்ப்போமே என்று இழையை இழுத்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் நெரிந்து கோணிக்கொண்டது.

"உனக்குக் குருவிக் கை. அதான்."

"உங்க விரலு வாழைப்பழம் மாதிரி இருக்குக்கா. அதான்."

என் வீட்டுக்காரர் காப்பிக் குவளையோடு எட்டிப் பார்த்தார். "ஊர்வலம் வரட்டும். மிதிச்சே சரி பண்ணிடுவாங்க."

எனக்கு அழுகை முட்டியது. குழாயடியில் இனி எந்த முகத்தோடு நிற்பேன்? வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் அதைத்தானே எல்லையென்று நினைத்து அளந்தோம்! ஒரு வாளித் தண்ணீரை எடுத்து இரண்டு வாசலிலும் ஊற்றினேன்.

"அலாமாக்! பைத்தியமா உனக்கு?"

வெடிப்பில் களிமண்ணை அழுத்தி அடைத்தேன். பால்காரர் வீட்டுச் சாணத்தைக் கரைத்து, இரண்டு தரையையும் சேர்த்து மெழுகினேன்.

"இப்ப உங்க வாசல் எது, அக்கா?"

குனிந்து பார்த்தார். "தெரியலையே!"

"லட்சுமிக்கும் தெரியாது. புள்ளி வைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே நீளத்தில் இரண்டு ஈர்க்குச்சிகளை ஒடித்து, புள்ளிக்குப் புள்ளி அளக்க ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். நடுவிலிருந்து ஆரம்பித்து அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் புள்ளி வைத்துப் போனோம். மிச்ச இடமெல்லாம் சுவரோரம் ஒதுங்கிவிட்டது. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? இழை எங்கும் நெரியாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது.

ஊர்வலம் கொட்டு முழக்கத்தோடு போனது. குழாயடிப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி விரல் மடக்கி நடு வரிசைப் புள்ளிகளை எண்ணினாள். பத்தொன்பது!

"யாரு போட்டது?"

நான் வாய் திறக்கும் முன்பே அக்கா முந்திக்கொண்டார். "எங்க வாசல் கோலம்."

போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வெடிப்பு இருந்த இடத்தில், அந்த நடுப்புள்ளியை வைத்தது நான்.