பால் காய்ச்சாத வீடு

உலகக் கோப்பை கிரிக்கெட் பார்க்கப் போனபோது சென்னையில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. ஊரப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று அநியாயத்துக்கு மலிவாகக் கிடைத்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டாமல் வெளியில் நின்றே சாவியை நீட்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கிய திருஷ்டி பொம்மையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினேன்.

“உள்ளே வாங்களேன் அண்ணா” என்றேன்.

“இன்னும் பால் காய்ச்சல சார். அதுக்கு முன்னாடி நாங்க இங்க படுக்கக் கூடாது. வெளியாளு ஒருத்தர் மொதல்ல படுத்து எழுந்தா நல்லதுன்னு வூட்ல சொன்னாங்க. அதான் வாடகைய கொறச்சேன்.”

அவருடைய பைக் போய்விட்டது. சுற்றிலும் காலி மனைகள். விளக்கை அணைக்காமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தே இருந்தேன்.

விடிந்ததும் வந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டார்: “பயப்படாத, ஆளு நல்லாத்தான் கீறாரு!”