மணிக்கட்டு, முழங்கை, தோள்

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். நான்கு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வளர்ச்சி தாமதம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இப்படிப்பட்ட சின்னக் குழந்தைகளுக்கென்று நடக்கும் ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். என் மனைவி காலையில் மூன்று ஃபிளாட்டுகளில் வேலைக்குப் போகிறவள். அதனால் மகளைக் கூட்டிப்போவது, கூட்டிவருவது, மதியம் சோறு ஊட்டுவது எல்லாம் என் பொறுப்பு.

சனிக்கிழமைகளில் அந்த மையத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். சம்பளம் கிடையாது, தாங்களாக வருகிறவர்கள். ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தாடி வைத்த பையன் ஒருவன் தரையில் குப்புறப் படுத்திருப்பான். ஒரு குழந்தை அவன் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது அந்தக் குழந்தைக்கான பயிற்சி என்று தெரியும்வரை, அவன் தூங்க வருகிறான் என்றுதான் நினைத்தேன். பெற்றவர்கள் உள்ளே போகக் கூடாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். என் பெண்ணுக்கு அமைந்த மாணவி ராயப்பேட்டையிலிருந்து வந்தாள். வீட்டோடு போனில் உருது பேசுவாள், எங்களிடம் தமிழ். முதல் நாள் நான் மேடம் என்றதற்கு, "எனக்குப் பத்தொன்பது வயசு அங்கிள், மேடமா?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவளுக்கு ஐந்து முடிந்துவிடும் என்று, வரப்போகும் ஜூனில் மகளை அடுத்த தெரு மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஆசைப்பட்டோம். போய்க் கேட்டோம். தலைமையாசிரியை நல்ல மாதிரி. பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, மெதுவாக வரட்டும், ஆனால் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட இங்கே ஆள் இல்லை, தானாகச் சாப்பிடப் பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். மகளோ அதுவரை தன் கையால் ஒரு பருக்கை எடுத்ததில்லை. எல்லாம் என் கைதான்.

பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை மாணவி தானாகச் சாப்பிடப் பழக்கும் வேலையை ஆரம்பித்தாள். குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதன் மணிக்கட்டைப் பிடித்து, தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோவாள். அது பழகியதும் பிடியை முழங்கைக்கு மாற்ற வேண்டும். அப்புறம் தோளைத் தொட்டால் போதும். கடைசியில் கையையே எடுத்துவிடலாம். மையத்தில் வாரத்துக்கு ஒரு நாள் செய்து பயனில்லை, வீட்டிலும் தினம் இப்படியே செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு நோட்டு கொடுத்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்று மனைவி சொல்லியிருந்தாள் போல, எழுத்தே இல்லாமல் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று படம் வரைந்திருந்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள். நான் எங்கே பிடித்தேனோ அந்தப் படத்தில் டிக் போட வேண்டும்.

இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மணிக்கட்டைப் பிடித்தால் மகள் கையைத் துணிபோல் துவளவிட்டாள். பாதிச் சோறு கன்னத்திலும் பாதி தரையிலும் போயிற்று. மூன்றாம் நாள் பழையபடி உருட்டி ஊட்டிவிட்டேன். வண்டியில் துணி காத்திருந்தது ஒரு காரணம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். என் கை உருண்டையோடு வாய்க்கு வரும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு அது கிடைக்காது.

சனிக்கிழமை வந்தது. அவ்வளவு அழகாகப் படம் வரைந்து கொடுத்த பெண்ணிடம் நோட்டை வெறுமையாக நீட்ட வெட்கமாயிருந்தது. துணி மூட்டைக்கு ஃபிளாட் நம்பர் எழுதும் பேனாவால் எல்லா நாளுக்கும் டிக் போட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் முழங்கையில் டிக் போட்டேன். அதற்கடுத்து தோளில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற பெற்றோரிடம் என் நோட்டைக் காட்டி, "அங்கிளைப் பாத்து கத்துக்கோங்க" என்று வேறு சொல்லிவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் டிக்கை நம்பி அவளும் பிடியைப் பின்னுக்குக் கொண்டுபோனாள். தோளுக்கு வந்த சனிக்கிழமை, மகள் தட்டில் கையை வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். சோறு காய்ந்துவிட்டது. பசியில் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். கூட்டிப்போக எழுந்தபோது மாணவி உள்ளே மையத்து டீச்சரிடம் பேசுவது காதில் விழுந்தது.

"வீட்ல அப்பாகிட்ட நல்லா சாப்பிடறா மிஸ். என்கிட்டதான் மாட்டேங்கறா. நான்தான் ஏதோ தப்பா பண்றேன். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீ பொய் டிக்கு போட்டுக்கினு கீறது எனக்குத் தெரியும்யா. சரி, கூச்சப்படறான்னு வுட்டேன். அந்தப் பொண்ணு அழுதுக்கினு போயிருக்குது, நீ இங்க வந்து துணி தேய்ச்சிக்கினு கீற. போய் சொல்லு."

நீயே சொல்லிவிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். டிக் போட்டது யார் கை என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பறக்கும் ரயில் பாலத்து நிழலில் நடந்துகொண்டே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். மையத்து வாசலில் மாணவி தன் தோழியோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்தது எதுவும் நினைவில்லை. நோட்டை நீட்டினேன்.

"இதுல இருக்கறது பொய்ம்மா. நான்தான் ஊட்டிக்கினு இருந்தேன்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். "எல்லா நாளுமா அங்கிள்?"

"மொத ரெண்டு நாள் தவிர."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "அப்போ நான் தப்பா பண்ணலையா?" என்று கேட்டாள். அது என்னிடம் கேட்ட மாதிரியே இல்லை. பிறகு, "எங்கம்மா எனக்கு ஏழாவது படிக்கற வரைக்கும் ஊட்டினாங்க. உங்கள நான் எப்படி அங்கிள் திட்றது?" என்றாள்.

"ஏழாவதா?" என்றாள் தோழி. "நேத்து கேன்டீன்ல நான் ஊட்டினேனே, அது இன்னா கணக்கு?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். வாய்க்குச் சோறு வரும்போதுதான் குழந்தை என் முகத்தைப் பார்க்கும் என்றேன். மாணவி சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய் டீச்சரிடம் பேசினாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

பின்னால் உட்கார்வது மாணவியின் வேலை, எதிரே உட்கார்வது என் வேலை என்று முடிவாயிற்று. என் முன்னாலும் ஒரு தட்டு வைத்தார்கள். நானும் கூடவே சாப்பிட வேண்டுமாம். மறுபடியும் மணிக்கட்டிலிருந்து ஆரம்பம். முதல் உருண்டை வாயருகே வந்தபோது மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நான் என் தட்டை மறந்துவிட்டேன். அவள் வாயருகே கையை நிறுத்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். "அங்கிள், நீங்க சாப்பிடுங்க, அவ உங்களுக்காக நிக்கறா" என்றாள் மாணவி. ஒரு வாய் போட்டுக்கொண்டேன். மகளும் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மனைவி பின்னாலும் நான் எதிரிலுமாக உட்கார்ந்தோம். அதற்காகவே அவள் மூன்றாவது ஃபிளாட் வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். சோறு இறைந்தது, தினமும் தரையைத் துடைத்தோம். முழங்கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. தோளுக்கு வருவதற்குள் மாணவர்களுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. பள்ளியில் எதிரே அப்பா இருக்க மாட்டாரே என்று, கடைசி இரண்டு சனிக்கிழமை என்னை எழுப்பிவிட்டு, தாடிப் பையன் முதுகில் ஏறும் குழந்தையை என் இடத்தில் உட்கார வைத்தாள் மாணவி. முதல் முறை மகள் திரும்பித் திரும்பி ஜன்னலில் என்னைத் தேடினாள். இரண்டாம் முறை அந்தக் குழந்தை மெல்வதையே பார்த்துக்கொண்டு பாதித் தட்டைக் காலி செய்தாள். மாணவி கையைத் தூக்கிக் காட்டினாள், தோளைத் தொடவில்லை என்று.

ஜூனில் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் மதியம் வண்டியில் நிற்கவே முடியவில்லை. ஒரு சட்டைக் காலரையே மூன்று முறை தேய்த்தேன். என் சாப்பாட்டைத் திறக்கவும் மனம் வரவில்லை. மணி மூன்றரைக்குப் போய் வாசலில் நின்றேன். பள்ளி ஆயா எதுவும் சொல்வதற்கு முன்பே மகளின் சட்டையைப் பார்த்துவிட்டேன். சட்டைப் பையின் மேலும் மடியிலும் சாம்பார் காய்ந்திருந்தது. கன்னத்தில் முட்டையின் மஞ்சள். மெதுவாகத்தான் சாப்பிட்டாள், எதிர்ப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள் என்றார் ஆயா.

புதுச் சட்டையில் முதல் நாளே கறையா என்று மனைவி புலம்பிக்கொண்டே ஊறவைத்தாள். முழுதாகப் போகவில்லை. மறுநாள் காலை மற்ற துணிகளுக்கு முன்னால் அந்தச் சட்டையை எடுத்துத் தேய்த்தேன். வண்டிக்கு வந்த ஒரு அம்மாள், யார் வீட்டுச் சட்டை, இவ்வளவு கறையோடு தேய்க்கிறாயே என்று கேட்டார். என் பெண்ணுடையது, அவளே சாப்பிட்டது என்றேன்.