சார் வாயால் வந்த எண்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் மின்தடைகளைச் சரிபார்க்கிறேன். கடுங்குளிரில், பெரிய காந்தத்துக்குள் வைத்த குவாண்டம் ஹால் சில்லுதான் எங்கள் அளவுகோல். எந்த நாட்டில் யார் அளந்தாலும் அது காட்டும் மின்தடை ஒன்றுதான்.

ஹெப்பகோடித் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் தங்கள் ரெசிஸ்டர் ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார். அளந்தேன். பழைய மதிப்பிலிருந்து விலகியிருந்தது. முடிவை வாங்க வந்தவரிடம் சொன்னேன்.

"போன வருஷம் கரெக்டா இருந்துச்சே! எங்க மீட்டரெல்லாம் இதை வெச்சுத்தான் செட் பண்றோம். ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம்."

"மாறினது உங்க ரெசிஸ்டர் சார். நான் எதை அட்ஜஸ்ட் பண்றது?"

"நீங்க சின்னப் பொண்ணு. உங்க பெரிய சாரை ஒருதடவை அளக்கச் சொல்லுங்க."

மறுபடி அளந்தால் சில்லைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வீணாகும் என்று நடுங்கும் குரலில் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய் எங்கள் துறைத்தலைவரை அழைத்து வந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, திரையிலிருந்த எண்ணை நிதானமாகப் படித்தார்.

மேலாளரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப வித்த மீட்டரையெல்லாம் திருப்பி வாங்கணும். சாரே அளந்து சொன்னப்புறம் என்ன பேச்சு?"

"நான் எங்கே அளந்தேன்?" என்றார் துறைத்தலைவர். "இவங்க அளந்ததைப் படிச்சேன்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "இதை நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா!"

சரியான எண்ணைச் சொன்னால் போதும், சொல்வது யார் என்று பார்க்கமாட்டார்கள் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அது போதவில்லை. இப்போதெல்லாம் யாராவது சாரைக் கூப்பிடச் சொன்னால், "அளந்தது நான், என்னிடமே கேளுங்கள்" என்கிறேன். எரிச்சல் குறையவில்லை. குரல் நடுங்குவது மட்டும் நின்றுவிட்டது.